மாமாவின் ஆகாய விமானம்

பழைய சாமான் வாங்குகிறவர்களில் பல தினுசு உண்டு. வெண்கல உருளியைக் கண்டால் விடமாட்டார்கள் சிலர். ஓடாத சுவர்க்கடிகாரத்தை வாங்கி வந்து, ஓட வைக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளைப் பாழாக்குவார்கள் சிலர். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பழைய மோட்டார் கார் வாங்கி, அது வாசலில் நிற்கிற அழகை ஒரு தரம் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஆபீஸுக்குப் போவார்கள். இவர்களையெல்லாம் ஊர் மன்னித்துவிடுகிறது. என் தாய்மாமா, தம்முடைய 62-ஆவது வயதில், பழைய ஆகாய விமானம் ஒன்றை விலைக்கு வாங்கப் போவதாகச் சொன்னார். அவரை ஊர் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் மயிலாடி. நாஞ்சில் நாட்டில், கல்லில் சாமி செய்கிற ஊர் என்று சொன்னால் பலருக்குத் தெரிந்துவிடும். கோழி கூவுவதற்கு முன்னால் உளிச் சத்தம் கேட்கும் என்று எழுதினால் அது கதாசிரியனின் மிகை. காலைக் காபி குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிடும் என்பது நிஜம். ஊருக்கு வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் அந்த இடுக்கு வழியாக வருகிற காற்று, கொடியில் போட்ட வேஷ்டியை அடுத்த தெருவில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாடிகளை வரிசை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். “இவ்வளவு காத்து இருக்கப்பட்ட ஊரிலே பிளேன்தான் இல்லை” என்பது மாமாவின் நீண்ட நாளைய குறை.

இந்தப் பைத்தியம் அவருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. அப்போது நாங்கள் திருவிதாங்கூர்ப் பிரஜைகள்; 1956 நவம்பர் முதல் தேதியில்தான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தோம். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு புஸ் மாத் என்ற சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு ஆமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். மூன்று வருஷம் கழித்து, 1935-ல், அவர்களுடைய விமானம் திருவனந்தபுரத்துக்கும் வர ஆரம்பித்தது. என் தாத்தா சொசைட்டிக் கணக்கைத் தீர்க்கத் திருவனந்தபுரம் போனவர், கணக்கை மறந்துவிட்டு அதைப் பார்க்கப் போய்விட்டார். “துணியும் கம்பும்தான் மக்கா, தூளிக் கட்டு மாதிரி இருந்து, அது பறக்கு!” என்று சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மாமா 1971-ல், இருபத்திரண்டு வயதில், வெளியூரில் ஒரு பறக்கும் சங்கத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். பையன்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடம் அது. மாமா ஒரு நாளும் ஓட்டவில்லை. விமானத்தைத் துடைத்தார், எண்ணெய் மாற்றினார், துணி தைத்தார், கடைசியில் மெக்கானிக் ஆனார். லைசென்ஸ் உள்ள இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்; அந்தக் கையெழுத்துக்குக் கீழே முப்பத்தாறு வருஷம் மாமாவின் கை இருந்தது. 2007-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். கையோடு ஒரு தகரப் பெட்டி நிறைய ஆயுதங்களைக் கொண்டு வந்தார். அவற்றில் எந்த ஆயுதத்துக்கும் மயிலாடியில் வேலை இல்லை.

2011 ஆவணி மாதம் அவருக்கு ஒரு சேதி வந்தது. இன்னொரு ஊர்ப் பறக்கும் சங்கத்தில், வெகுகாலமாகக் கிடப்பில் கிடந்த ஒரு புஷ்பக் விமானத்தைக் கழித்து விற்கப் போகிறார்களாம். விலை 80,000 ரூபாய். “வாறியா மருமவனே, ஒரு துணைக்கு” என்றார். எழுத்தாளனுக்கு ஒரு ரயில் பிரயாணம் ஓசியில் கிடைத்தால் வேண்டாம் என்பானா? போனேன்.

புஷ்பக் என்பது நம்முடைய விமானம். பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் செய்தது; முதன்முதலாகப் பறந்தது 1958-ல். வி. எம். காட்கே என்ற மேதை தலைமை தாங்கிய வடிவமைப்புக் கூட்டத்தின் வேலை. இரண்டே பேர், பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். தலைக்கு மேலே இறக்கை. தொண்ணூறு குதிரைசக்தி இன்ஜின். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூட்டின் மேல் துணி போர்த்தியிருக்கும். நூற்றைம்பது விமானங்கள் போல் செய்து, நாடு முழுவதும் பறக்கும் சங்கங்களுக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் பெரிய விமானங்களை ஓட்டிய எத்தனையோ பேர் முதலில் தரையை விட்டுக் கால் எடுத்தது அதில்தான்.

நாங்கள் பார்த்த புஷ்பக் கொட்டகைக்குப் பின்னால், எருக்கஞ்செடிகளுக்கு நடுவே கிடந்தது. ஒரு சக்கரம் மண்ணில் புதைந்திருந்தது. துணி கிழிந்து, விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. ஏதோ ஒரு பறவை உள்ளே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டும் போயிருந்தது. எனக்கு அது வெயிலில் செத்துக் கிடக்கிற மாடு மாதிரி தோன்றியது. மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அருகே போனார். எதற்காகக் கழற்றினார் என்று நான் கேட்கவில்லை.

முதலில் அவர் விமானத்தைப் பார்க்கவே இல்லை, புஸ்தகத்தைக் கேட்டார். விமானத்துக்கு ஜாதகம் உண்டு. பிறந்த நாள்தொட்டு எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது எந்த உறுப்பை மாற்றினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒவ்வொன்றும் அதில் எழுதியிருக்கும். “புஸ்தகம் இல்லைன்னா இது வெறும் இரும்பு” என்றார். புஸ்தகம் இருந்தது, கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, கூட்டின் அடிக்குழாய்களை வால் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். மழைத் தண்ணீர் வாலில்தான் போய்த் தேங்குமாம். துரு வெளியே தெரியாது, உள்ளே இருந்து தின்னும். நல்ல குழாய் ‘ணங்’ என்று பேசும். துருப்பிடித்தது ‘தொப்’ என்று சொல்லும்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் சிற்பிகளும் கல்லை இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். மணியோசை கொடுத்தால் ஆண் கல். அதற்கும் ஒரு நாதம் குறைந்தால் பெண் கல். ஓசையே எழும்பாதது சிலைக்கு ஆகாது. மாமா அரை மணி நேரம் தட்டினார். நான்கு இடத்தில் ‘தொப்’ கேட்டது. அந்த இடங்களில் சாக்குக் கட்டியால் குறி போட்டார்.

“இது சாகல்லே மருமவனே. கெடக்கு, அவ்வளவுதான்” என்றார்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் ரயிலில் பேசிக்கொண்டே வந்தார். துணி முழுவதையும் உரிக்க வேண்டும். நான்கு குழாயை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். குழாய்களுக்குள் சூடான ஆளிவிதை எண்ணெயை ஓடவிட்டால் துரு அண்டாது. இன்ஜினைக் கழற்றிச் சிலிண்டர் சிலிண்டராகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக் உண்டு. தீப்பொறி கொடுக்க இரண்டு மாக்னெட்டோ உண்டு. ஒன்று காலை வாரினாலும் மற்றது கீழே கொண்டு வந்து சேர்க்கும். அப்புறம் புதுத் துணி. நீள ஊசியால், மெழுகு பூசிய நூலால், ஒவ்வொரு விலா எலும்போடும் துணியைத் தைத்து, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. ஒன்று அவிழ்ந்தாலும் அடுத்தது அவிழாத முடிச்சு. அதன் மேல் ‘டோப்’ என்கிற சாயம். அது காயக் காயத் துணி இழுபட்டு மிருதங்கத் தோல் மாதிரி ஆகிவிடும். வெயில் துணியைத் தின்னாமல் இருக்க அலுமினியப் பொடி கலந்து இன்னொரு பூச்சு. கடைசியில் வர்ணம்.

“எல்லாம் செஞ்சு?” என்று கேட்டேன்.

“செஞ்சா சரியாயிரும்லா.”

“சரியாகி?”

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை.

வீட்டில் பஞ்சாயத்துக் கூடியது. அத்தை அழுதாள். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன். அந்தப் படிப்பும் பாதியில் நின்று போனது என்பதை வசதியாக மறந்துவிட்டு, என்னை நியாயம் சொல்லச் சொன்னார்கள். நான் கதை எழுதுகிற பேனாவை எடுத்துக் கணக்கு எழுதினேன். விமானத்தின் விலை, லாரி வாடகை, இன்ஜின் செலவு, துணி, சாயம், நிறுத்த இடம், பறக்கத் தகுதியுண்டு என்று சர்க்கார் சான்றிதழ் வாங்குகிற செலவு, அதை வாங்க டில்லி மட்டும் நடக்கிற செருப்புத் தேய்மானம். கூட்டிப் பார்த்தால் மாமாவின் ஓய்வுப் பணம் இரண்டு தடவை கரைந்துவிடும். எல்லாரும் கேட்கும்படி வாசித்தேன். வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“இந்த வயசுக்கு மேலே இது எதுக்கு மாமா?” என்று முடித்தேன்.

“டாட்டா, 1982-லே, அதே கராச்சிலேருந்து பம்பாய்க்கு, அதே அக்டோபர் 15 அன்னைக்குத் திரும்பப் பறந்தாரு. லெப்பர்ட் மாத்துன்னு, முப்பதுகளிலே செஞ்ச பிளேன். அவருக்கு அப்போ எழுபத்தெட்டு வயசு” என்றார் மாமா.

“அவர் டாட்டா மாமா!” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமாவும் சிரித்தார். நான் எழுதிய காகிதத்தை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது. டாட்டா பறந்தார் என்பதல்ல அவர் சொல்ல வந்தது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. ஐம்பது வருஷத்துப் பழைய விமானம் ஒன்று 1982-ல் பறந்தது என்றால், யாரோ ஒருவன் அதைத் துடைத்து, தைத்து, எண்ணெயிட்டு வைத்திருந்தான் என்று அர்த்தம். மாமா சொன்னது அந்த ஆளைப் பற்றி.

மாமாவுடன் பள்ளிக்கூடத்தில் படித்த சிற்பி ஒருவர் உண்டு. சாயங்காலம் அவருடைய பட்டறைத் திண்ணைதான் இருவருக்கும் கச்சேரி. அடுத்த வாரம் நானும் அங்கே இருந்தேன். சிற்பி என் கட்சி.

“பின்னப்பட்ட சாமியைக் கும்பிடப்படாது வே. கை ஒடிஞ்சா ஒட்டவச்சு பூசை பண்ணுவோமா? தண்ணியிலே விட்டுட்டுப் புதுசு செய்யணும். அதானே முறை?” என்றார்.

மாமா கீழே கிடந்த கல் சில்லுகளைக் காலால் ஒதுக்கினார்.

“ஒமக்குப் புதுசு செய்யக் கை இருக்கு. ஒம்ம மகனுக்கும் இருக்கு. அதனாலே தைரியமாத் தண்ணியிலே விடுதீரு. அதைத் தண்ணியிலே விட்டா எவன் செய்வான்?”

சிற்பி பதில் சொல்லவில்லை. அவர் மகன் உள்ளே உளி தட்டிக்கொண்டிருந்தான். நான் அதை ஒரு நல்ல வசனம் என்று நினைத்து நோட்டில் குறித்துக்கொண்டேன். வசனமாகத்தான் குறித்தேன்.

ஏழு வருஷம் போயிற்று. 2018 மே மாதம் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. டகோட்டா விமானம் ஒன்று, ‘பரசுராமன்’ என்று பெயர் சூட்டப்பட்டு, டில்லிக்கு அருகே ஹிண்டன் விமானத் தளத்தில் நிற்கிறது. அதன் கதை நாவலுக்கு மேல். ராஜ்ய சபை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர், அயர்லாந்தில் காயலான் கடை இரும்பாகப் போகவிருந்த அந்த விமானத்தை விலைக்கு வாங்கினார். அவருடைய தகப்பனார் ஏர் கமோடர் எம். கே. சந்திரசேகர் நம் விமானப் படையில் டகோட்டா ஓட்டியவர். மகன் வாங்கியதை இங்கிலாந்தில் வைத்து வருஷக்கணக்காகச் சீர்படுத்தி விமானப் படைக்கே தானமாகக் கொடுத்தார். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளம்பிய விமானம், ஐரோப்பாவையும் அரபு நாடுகளையும் தாண்டி, இறங்கி இறங்கி, ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே 4-ஆம் தேதி ஹிண்டனில் விமானப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். வால் பக்கத்தில் வி.பி. 905 என்ற எண். 1947 அக்டோபர் 27-ஆம் தேதி ஸ்ரீநகரில் நம் சிப்பாய்களை இறக்கிய டகோட்டா ஒன்றின் எண் அது. அந்த ஞாபகமாக இதற்கு இட்டார்கள்.

அதைப் படித்ததும் என் மனத்தில் முள் தைத்தது. அவர் அந்த விமானத்தை வாங்கிய வருஷம் 2011. நான் காகிதத்தில் கணக்கு எழுதிய அதே வருஷம்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் முன்பே படித்துவிட்டிருந்தார். அது மட்டுமல்ல, 2012-ல், விமானப் படை தினமான அக்டோபர் 8-ல், பழைய டைகர் மாத் ஒன்று அதே ஹிண்டனில் பறந்த சமாசாரத்தையும் வெட்டி வைத்திருந்தார். டைகர் மாத் 1931-ல் பிறந்த இரட்டை இறக்கை விமானம். மரச் சட்டமும் இரும்புக் குழாயும் துணியும். நம் விமானப் படையின் முதல் தலைமுறைக்கு அதுதான் அரிச்சுவடி.

“ரெண்டையும் எங்கே வச்சுச் சரியாக்கினான், பாத்தியா?” என்று கேட்டார்.

“இங்கிலாந்திலே.”

“ஆங்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குறையாகச் சொல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: “டைகர் மாத்து அவன் செஞ்சது. அவனுக்கு அதன்மேலே ஒரு பிரியம் உண்டு. இன்னும் வச்சு ஓட்டுகான், சாமான் செய்கான், சின்னப் பயலுவளுக்குச் சொல்லிக் கொடுக்கான். டகோட்டா அமெரிக்காக்காரன் செஞ்சது. உலகம் பூரா அதுக்கு ஆள் உண்டு. புஷ்பக்கு நாம செஞ்சது. அதை எந்த வெள்ளைக்காரன் வந்து சரியாக்குவான்?”

நான் போட்ட கணக்கில் விட்டுப்போன இனம் இதுதான். விமானத்தின் விலை எழுதினேன். லாரி வாடகை எழுதினேன். மாமாவின் கையை எழுதவில்லை. பழைய விமானத்தைச் சீர்படுத்துகிறவன் அதில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் சீர்படுத்துகிறான். துணி புதிது, நூல் புதிது, குழாய் புதிது. பழசாக மிஞ்சுவது எண்ணும் புஸ்தகமும்தான். அப்படியானால் அவன் காப்பாற்றுவது எதை? அந்த முடிச்சைப் போடத் தெரிந்த கையை. அந்தக் கைக்கு வேலை வேண்டும். வேலை செய்கிற கைக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு பையன் வேண்டும். மயிலாடியில் கல்லுக்கு அது இருக்கிறது. புஷ்பக்குக்கு இருந்திருக்கக் கூடிய ஒரு கொட்டகையை நான் ஒரு காகிதத்தால் மூடிவிட்டேன்.

“அந்த பிளேன் என்ன ஆச்சு மாமா?” என்று கேட்டேன். அதுவரை கேட்காமலே இருந்திருக்கிறேன்.

“எடைக்குப் போட்டுட்டாங்க” என்றார். பிறகு எழுந்து பின்கட்டுக்கு அழைத்துப் போனார். நெல் குதிருக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒரு சட்டம் சாய்ந்திருந்தது. ஒரு ஆள் முக்கால் உயரம். வாலில் நிற்கிற சுக்கான். யாருக்கும் சொல்லாமல் போய், பழைய இரும்புக் கடைக்காரனிடம் கிலோக் கணக்கில் வாங்கி, ரயிலில் கொண்டு வந்திருக்கிறார். அத்தைக்குத் தெரியும், அத்தை சொல்லவில்லை. துருவைத் தேய்த்து, வர்ணம் அடித்து, ஒரு பக்கம் துணி தைத்துச் சாயமும் பூசியிருந்தார். விரலால் சுண்டிக் காட்டினார். மிருதங்கம்தான்.

“மறுபக்கம் கெடக்கு. கண்ணு தெரியமாட்டேங்குது. நீ வந்தா சொல்லித் தாறேன்” என்றார்.

போனேன். பதினோரு நாள் சாயங்காலம் போனேன். ஊசியை அவர் இந்தப் பக்கத்திலிருந்து குத்தச் சொல்வார். நான் அந்தப் பக்கத்தில் தப்பான இடத்தில் எடுப்பேன். முடிச்சு விழும், இறுகாது. அவர் கண்ணால் பார்ப்பதில்லை. விரலால் தடவிப் பார்ப்பார். வெட்டி எடுத்துவிட்டு, “திரும்பப் போடு” என்பார். பேனா பிடித்துக் காய்த்த விரல் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த நூல் அதையும் அறுத்தது. பதினோராவது நாள் நான்கு முடிச்சு தொடர்ந்து அவர் வெட்டாமல் விட்டார். “கை வருகு” என்றார். எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டுக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதற்கு மறுநாள் ஒரு பத்திரிகை ஆசிரியர் தொடர்கதைக்கு அவசரப்படுத்தினார். இரண்டு மாதம் கழித்து வருகிறேன் மாமா என்றேன். “அதுக்கென்ன” என்றார். தொடர்கதை முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. 2020 வந்தது; யாரும் யார் வீட்டுக்கும் போகாத வருஷம். 2021-ல் மாமா போய்விட்டார்.

சுக்கான் இப்போது என் வீட்டில், நான் எழுதுகிற அறையில் இருக்கிறது. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். விமானத்தின் வால் என்றால் சிரிக்கிறார்கள். சில பேர் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மாமா தைத்த பக்கம் இன்னும் ‘தும்’ என்று பேசுகிறது. மறுபக்கம் நான் தைத்த இடத்தோடு நின்று போயிருக்கிறது. நாலு முடிச்சு நன்றாக இருக்கிறது. அதற்கு அப்புறம் அவர் இல்லாமல் நானே போட்டவற்றை விரலால் தடவினால் எனக்கே தெரிகிறது. அந்தப் பக்கத்தைச் சுண்டினால் ஓசை எழும்புவதில்லை.